பங்குக் கிணற்றுத் தண்ணீர்

மே 4, ஞாயிறு

குடத்தின் உள்பக்கம் ஒரு கோடு இருந்தது. தண்ணீர் நின்ற மட்டத்தில், சுற்றிலும், பழுப்பாக. டீ குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளரில் இருக்குமே, அந்த மாதிரி. நார் வைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. அம்மாவிடம் சொன்னேன்.

"ரண்டு வருசம் காஞ்சு கெடந்த கெணறு. இப்பத்தான ஊறுது. சேறு கலங்கியிருக்கும், வுடு" என்றாள்.

இந்த டைரி ஜெகதீசண்ணன் கொடுத்தது. அவர் கம்பெனி சூப்பர்வைசர். உப்பு நம்பர் எழுதுவதற்காகக் கொடுத்தார். அதற்கு வேறு நோட்டு வந்துவிட்டதால் இது என்னிடமே இருக்கிறது. பழைய வருடத்து டைரி. தேதி சரியாக இருக்கும், கிழமை பொருந்தாது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

மே 6, செவ்வாய்

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேலையை எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தென்னை. போர் தொள்ளாயிரம் அடி. அது இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ந்துவிட்டது. தெற்கே முக்கால் ஏக்கர் மரமும் காய்ந்தது. அதை வெட்டி, அந்த இடத்தைக் கம்பெனிக்குக் களமாக விட்டிருக்கிறோம். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு தூள் மிஞ்சும். அதை லாரியில் கொண்டுவந்து எங்கள் களத்தில் கொட்டுவார்கள். தண்ணீர் அடித்து உப்பைக் கழுவி, காயவைத்து, செங்கல் மாதிரி அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே மண்ணுக்குப் பதிலாக அதில் செடி வைக்கிறார்களாம்.

அப்பா மோட்டார் போடுகிறார். அம்மா தூள் கிளறுகிறாள். நான் உப்பு அளக்கிறேன். ஒரு கப் தூள், ஒன்றரைக் கப் சுத்தத் தண்ணீர். அரை மணி நேரம் ஊறியதும் துணியில் பிழிந்து மீட்டரை முக்க வேண்டும். மீட்டர் பேனா அளவுதான் இருக்கும். நம்பர் அரைக்குக் கீழே வந்தால் லோடு போகும். வராவிட்டால் திரும்பவும் கழுவ வேண்டும்.

"வெளிநாட்டுத் தக்காளிக்கு உப்புன்னா ஆகாது அம்முணி. நம்மளாட்டமா, எதைக் குடுத்தாலும் முழுங்கறதுக்கு?" என்று ஜெகதீசண்ணன் சொல்லுவார். நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

கழுவிய தண்ணீர் கறுப்பு டீ மாதிரி இருக்கும். களத்துக் கோடியில் பிளாஸ்டிக் சீட் விரித்த குட்டைக்குப் போகும். குட்டை நிறைந்தால் டேங்கர் லாரி வந்து எடுக்க வேண்டும். இந்த வருடம் டேங்கர் ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் குட்டை வழியவில்லை.

மே 11, ஞாயிறு

இன்று சித்தப்பா வீட்டில் சாப்பாடு. நான்கு வருடத்துக்குப் பிறகு.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. தாத்தா காலத்தில் வெட்டியது. திங்கள், செவ்வாய், புதன் எங்கள் முறை. வியாழன், வெள்ளி, சனி மாரப்பன் சித்தப்பாவின் முறை. ஞாயிறு ஆளுக்கு ஒரு வாரம். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்று அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போட்டார்கள். சித்தப்பா மண்வெட்டியை ஓங்கினார். அடிக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. அப்புறம் கிணறே காய்ந்துவிட்டது. சண்டை போடக்கூட ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை.

பங்குனியில் கிணறு தானாக ஊற ஆரம்பித்தது. மழை இல்லாமல். முதலில் பார்த்தது சித்தப்பாதான். வரப்பில் நின்று, "அண்ணா... அண்ணா, வந்து பாருங்ண்ணா" என்று கத்தினார். அப்பா ஓடினார். இரண்டு பேரும் கிணற்றுமேட்டில் நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

இன்றைக்குச் சித்தி கோழி அடித்தாள். அப்பா இரண்டு முறை ரசம் வாங்கினார். சித்தப்பா சொன்னார்: "எங்கண்ணன் ராசிதான். களத்துல ராப்பகலாத் தண்ணி வுடுறாரு, பூமாதேவி குளுந்து போயிட்டா."

அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

மே 15, வியாழன்

சித்தப்பாவின் முறை. காலை ஆறு மணியிலிருந்து மோட்டார் ஓடியது.

மே 23, வெள்ளி

மீட்டரைத் தெரியாமல் பாவாடைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சும்மா டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். 2.1. களத்தில் கம்பெனி போர்த் தண்ணீர் 1.2தான் இருக்கும். மீட்டர் தப்பாக இருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். 2.1.

குடத்துக் கோடு தினமும் வருகிறது. தினமும் தேய்க்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்தார்கள். டவுன் பஸ் களத்தை ஒட்டித்தான் போகும். என்னோடு படித்த சிந்துஜாவும் மற்றவர்களும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்துகொண்டேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். அம்மாவுக்குக் களத்தில் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. என்னிடம் கேட்டார்கள். நான் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை.

சித்தப்பா நாற்பது தென்னம்பிள்ளை வாங்கிவந்து நட்டார். கிணற்றை நம்பித்தான். குழிக்குக் குழி மஞ்சள் தெளித்தாள் சித்தி. ஒரு பிள்ளையை என் கையால் நடச் சொன்னாள். "கன்னிப்பொண்ணு கை. நல்லாப் புடிக்கும்" என்றாள். நட்டேன்.

ஜூன் 14, சனி

பருப்பு வேகவில்லை. ஏழு விசில். அம்மா மத்து வைத்துக் கடைந்தாள், அப்போதும் கட்டி கட்டியாக இருந்தது. அப்பா அதையே பிசைந்து சாப்பிட்டார்.

2.9.

ஜூன் 28, சனி

செவலை தண்ணீர் குடிக்கவில்லை. சித்தப்பாவின் மாடு, ஆறு மாதச் சினை. தொட்டிக்குப் போகும், மூக்கை வைக்கும், எடுத்துவிடும். சித்தி தவிட்டைக் கரைத்து ஊற்றினாள். தவிட்டை மட்டும் நக்கிவிட்டுத் தலையை ஆட்டியது.

"இவளுக்குக் கொழுப்பப் பாரு. மினரல் வாட்டர் கேக்கறா மகராணி" என்று சித்தி அதன் முதுகில் தட்டினாள். என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, உங்க ஊட்டு மாடு குடிக்குதா?" என்று கேட்டாள். எங்களுக்கு மாடு இல்லை என்பது அவளுக்கு நினைவு வரும் வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

அம்மா கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்திருக்கிறாள். குடிக்கவும் சோறு வைக்கவும். ஊர்க் குழாயில் வாரம் ஒருநாள்தான் வருகிறது, அது போதவில்லை என்கிறாள். முன்பும் அப்படித்தான் வந்தது.

"சித்தி கேட்டா, கம்பெனில சும்மா குடுத்தாங்கன்னு சொல்லு" என்றாள்.

சித்தி கேட்டாள். அப்படியே சொன்னேன். "குடுத்துவெச்சவங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தி கிணற்றுத் தண்ணீரைச் சேந்திக்கொண்டு போனாள். அவள் வடிகட்ட மூன்று மடிப்பு வேட்டித்துணி வைத்திருக்கிறாள். துணி காவி நிறமாகிவிட்டது.

ஜூலை 12, சனி

காற்றுதான். மழை இல்லை. களத்துத் தூள் கண்ணெல்லாம்.

குட்டைக்குப் பின்பக்கம் ஒதுங்கப் போனேன். பச்சை ஹோஸ் ஒன்று குட்டையிலிருந்து வரப்பு ஓரமாகப் போகிறது. எங்கள் காய்ந்த போர் இருக்கும் பக்கம். அங்கே தென்னோலை குவித்து மூடியிருக்கிறது. ஓலைக்கு அடியில் தண்ணீர் விழும் சத்தம், ரொம்பக் கீழே விழுகிற மாதிரி.

ஹோஸ் எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மதியம் எட்டு சாம்பிள். எல்லாம் அரைக்குக் கீழே.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் பேசினார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்திப்போடுங்க. எனக்கு அவ மொகத்தைப் பாக்க முடியல" என்றாள் அம்மா.

"நிறுத்துனாக் குட்டை ஒடையும். குட்டை ஒடைஞ்சாக் களத்தைக் காலி பண்ணுவான். அப்பறம்?"

"டேங்கர் அனுப்பச் சொல்லுங்க."

"சொன்னேன். 'உங்க நெலம், உங்க போரு, நானா வுடச் சொன்னேன்'ங்கறான் ஜெகதீசன்." டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "மருந்தா மாயமா? மட்டைத் தண்ணி. தேங்கா நாம திங்கறதுதான? ஒரு மழை பேஞ்சா கழுவிட்டுப் போயிரும்."

அப்புறம் அப்பா வெளியே வந்தார். நான் மடித்த துணியை இன்னொரு தடவை மடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

சித்தப்பா தோப்பில் குரும்பை கொட்டிக் கிடக்கிறது. பெரிய மரங்களின் அடியில் கால் வைக்க இடம் இல்லை. நட்ட பிள்ளைகள் நாற்பதில் பதினேழு நுனி கருகிவிட்டன. நான் நட்டதைப் போய்ப் பார்க்கவில்லை.

கிணறு 4.6.

ஜூலை 21, திங்கள்

இனிமேல் வீட்டுத் தண்ணீரை அளப்பதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. சித்தி கிணற்றுமேட்டில் வெற்றிலை, பழம், கருகமணி வைத்துக் கும்பிட்டாள். ஐந்து வகைச் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் ஒரே நிறத்தில் இருந்தன.

"எங்க கெணறே கலர் போட்டுக் குடுத்துருது, மஞ்சத்தூள் மிச்சம்" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். இன்று வெகுநேரம் மூடியிருந்தாள்.

சித்தி போன பிறகு அம்மா அந்தச் சோற்றைக் கொட்டவில்லை. நாங்கள் மூன்று பேரும் அதைச் சாப்பிட்டோம். 

ஆகஸ்ட் 9, சனி

செவலை கன்று போட்டுவிட்டது. நாள் ஆகாத கன்று. உயிர் இல்லை.

டாக்டர் பல காரணம் இருக்கலாம் என்றாராம். தண்ணீரை மாற்றிப் பாருங்கள் என்றும் சொன்னாராம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் சாமியானா போட்டுக் கிராமசபை. களத்துக்கு லீவு. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பெண்கள் பக்கம் கடைசியில் நின்றோம்.

மேடையில் தலைவர் அக்கா இருந்தார். ஆனால் பேசியது அவர் வீட்டுக்காரர்தான். கொடி ஏற்றியது, ரோடு போட்டது எல்லாம் சொல்லி முடித்ததும் சித்தப்பா எழுந்தார். கையில் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீர்.

"இதை ஒருக்காப் பாருங்க. என்ற கெணத்துத் தண்ணி. மாட்டுக்கு ஆனதைப் பாத்துப்போட்டேன், மரத்துக்கு ஆனதைப் பாத்துப்போட்டேன். இப்பிடி ஆனதுக்கு யாருங்க பொறுப்பு? அதை மட்டும் சொல்லுங்க, நான் உக்காந்துக்கறேன்."

பாட்டில் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருவர் மோந்து பார்த்தார்.

"கம்பெனிக்காரன்தான். வேறெவன்?"

"கம்பெனிக்கு எடம் வுட்டது ஆரு? நீயும் நானுந்தான?"

"எடம் வுட்டவனை மட்டும் சொல்றியே, மட்டையை லோடு லோடா வித்தவன் நீயி."

"விக்காம அடுப்புலயா வெக்கறது? வெளிநாட்டுக்காரன் வாங்கறான், இவன் விக்கறான். அங்க போயிக் கேளு."

"பாஸ்போட்டு எடுத்துக் குடு, போறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து, முதலில் இந்த பிளாஸ்டிக் கவரை ஒழிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். "யோவ், கெணத்துக்குள்ள கவரா கெடக்குது? உக்காருய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் உட்காரவில்லை. கவரைப் பற்றி முழுக்கப் பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தலைவர் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார். "சுற்றுச்சூழல்ங்கறது தனி ஒருத்தரோட பொறுப்பு கெடையாதுங்க. நம்ம எல்லாத்தோட பொறுப்பு." கை தட்டினார்கள்.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "எல்லாத்தோட பொறுப்புன்னா ஒருத்தனும் வரமாட்டான்னு அர்த்தம். எங்கூட்டுல மாவாட்டற கதை" என்றாள்.

அப்பா எழுந்தார். அவர் எழுவார் என்று நான் நினைக்கவில்லை. "கம்பெனிக்காரங்க குட்டையத் தொறந்து காட்டோணும். அங்கதான் கசியுது" என்றார். சத்தமாகத்தான் சொன்னார்.

ஜெகதீசண்ணன் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். கோபப்படவில்லை. "தாராளமா வாங்க. சீட் போட்ட குட்டை. ஒரு சொட்டுக் கீழ எறங்காது. நாச்சிமுத்தண்ணனுக்கே தெரியுமே, அவருதான மோட்டார் போடறது. ஏனுங்ண்ணா?"

அப்பா, "பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்போது சித்தப்பா என்னைப் பார்த்துவிட்டார். "எங்கண்ணன் புள்ளதானுங்க அங்க உப்பு அளக்கறது. மிஷின் வெச்சிருக்குது. அதைக் கேளுங்க. சொல்லு சாமி. நம்ம கெணத்துத் தண்ணிய அளந்து பாத்தியா?"

எல்லோரும் திரும்பினார்கள். மைக்கை யாரோ என் பக்கம் நீட்டினார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா பிடித்தாள்.

"நான் தூளைத்தானுங்க அளப்பேன்" என்றேன்.

"அடேயப்பா, புள்ள பேசிருச்சு" என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் சிரிப்பு. சித்தப்பாவும் சிரித்தார். என்னைத் தொந்தரவு செய்துவிட்டதுபோலக் கையைக் காட்டி, "செரி, செரி, வுடு கண்ணு" என்றார்.

கிணற்றுத் தண்ணீரில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதாகத் தீர்மானம் எழுதினார்கள். அப்புறம் மிக்சரும் டீயும்.

ஆகஸ்ட் 16, சனி

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

தை மாதம். பொங்கல் முடிந்த வாரம். குட்டை நிறைந்து வழிய இருந்தது. அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அம்முணி, காஞ்ச போருக்குள்ள தண்ணி வுட்டா அது எங்க போகும்?"

"கீழ போயி நிக்கும்ப்பா. பக்கத்துக் கெணத்துக்கெல்லாம் ஊத்து வரும். புஸ்தகத்துல படம் போட்டிருக்குது."

"நெசமாவா?"

"நெசந்தான்ப்பா. பரீட்சையில வந்துச்சு. அஞ்சு மார்க்கு."

"உனக்கு எத்தனை போட்டாங்க?"

"அஞ்சு."

அப்பா சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, நம்ம புள்ள சொல்றதை. கெணறே ஊறுமாமா" என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த எதையும் அதற்கு முன்னால் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தில் மழைத் தண்ணீர் என்று இருந்தது. வடிகட்டித்தான் விட வேண்டும் என்றும் இருந்தது. படத்தில் கூழாங்கல், கரி, மணல் என்று மூன்று அடுக்கு இருக்கும். நான் மூன்றுக்கும் பெயர் எழுதித்தான் ஐந்து மார்க் வாங்கினேன். அப்பா எந்தத் தண்ணீர் என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. குட்டை நிறைந்திருந்தது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சித்தப்பா புதிதாகப் போர் போடப்போகிறார். கிணற்று மேல்தண்ணீர்தான் கெட்டுப்போயிருக்கிறது, ஆயிரம் அடிக்குக் கீழே நல்ல தண்ணீர் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. நீரோட்டம் பார்க்க ஒருவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோப்பு முழுக்க நடந்தார். பின்னாலேயே சித்தப்பா, அப்பா, சித்தி, நான். தேங்காய் அசையவே இல்லை. எங்கள் வரப்பு ஓரம் வந்ததும் அது எழுந்து நட்டுக்கு நின்றது.

"அடடா! பொங்குது பாருங்க. பத்தடிக்கு அக்கட்டால ஆறே ஓடுது" என்றார் அவர்.

அவர் காட்டிய பக்கத்தில்தான் அந்த ஓலைக் குவியல் இருக்கிறது.

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சித்தப்பா, "அண்ணா, நீங்களே குறி போடுங்க. உங்க ராசிக்குத்தான் கெணறே ஊறுச்சு" என்று சுண்ணாம்பை அப்பா கையில் கொடுத்தார்.

அப்பா குனிந்து வட்டம் போட்டார். நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். நிமிர்ந்தபோது அவர் கண் என்மேல் பட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன், அவரும்தான்.

வியாழக்கிழமை காலை லாரி வருகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆறு சாம்பிள். ஒன்று மட்டும் 0.6. திரும்பக் கழுவினார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

செவலையை விற்றுவிட்டார்கள். போர் லாரிக்கு முன்பணம் வேண்டும். வேனில் ஏற்றும்போது சித்தி வெளியே வரவில்லை. தோட்டையும் தாலிக்கொடியையும் மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லிச் சித்தப்பாவிடம் சண்டை போட்டது எங்கள் வீடு வரை கேட்டது. மற்ற நகையெல்லாம் பேங்குக்குப் போய்விட்டது.

பொழுது சாய்ந்ததும் அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, ஆயிரம் அடி போட்டாலும் அதே தண்ணிதான வரும்?"

அவர் நிமிரவில்லை. "ஒருவேளை நல்லாவும் வரும்" என்றார்.

"சொல்லிரலாம்ப்பா."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? அன்னைக்கு மம்முட்டிய ஓங்குனதோட நிறுத்துனான்."

நான் அங்கேயே நின்றேன். அவர் இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். புத்தகத்தில் இருந்ததைப் பற்றி, நான் சொன்னதைப் பற்றி. ஒரு தடவைகூட அவர் அதைச் சொன்னதில்லை. அம்மாவிடமும் சொன்னதில்லை. எழுந்து, "உள்ள போ சாமி, கொசு" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எட்டு மணிக்குப் போர் லாரி வந்தது. தோப்பு வழியாக வருவதற்காகச் சித்தப்பா இரண்டு தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கி வழி விட்டார். எப்படியும் கருகிப்போனவைதான். குழாய்களை இறக்கினார்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சித்தி பூஜைத் தட்டோடு நின்றாள். கழுத்தில் கொடி மட்டும் இருந்தது. அப்பாவைத்தான் தேங்காய் உடைக்கச் சொன்னார்கள்.

நான் களத்தில் ஒரு சாம்பிளை ஊற வைத்திருந்தேன். அரை மணி நேரம் ஆகவில்லை. அதை அப்படியே வைத்துவிட்டு வரப்பு வழியாகக் காய்ந்த போருக்குப் போனேன். ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டேன். பதினாலு ஓலை. அடியில் இருந்தவை மக்கியிருந்தன, கையோடு வந்தன. பச்சை ஹோஸ் இரும்புக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. குழாயின் வாய் கறுத்திருந்தது. குட்டை மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பா காலையில் வழக்கம்போலப் போட்டுவிட்டுத்தான் பூஜைக்குப் போயிருக்கிறார்.

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சித்தப்பா தோப்புக்கு நடந்தேன்.

லாரி இன்ஜினை முடுக்கிவிட்டார்கள். காது அடைத்தது. அப்பா தேங்காயைக் கையில் வைத்திருந்தார். சித்தப்பா அவருக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். நான் "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த ஓலைச் சருகைப் பார்த்தார். "அம்முணி" என்று அவர் வாய் அசைந்தது.

நான் சித்தப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் திரும்பினார், என்னவென்று தலையாலேயே கேட்டார். சத்தத்தில் பேச முடியாது. பிடித்த கையை விடாமல் வரப்பைத் தாண்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.